மக்கும் பிளாஸ்டிக்கும் நுண் களிமண்ணும்

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. எனினும், அவற்றைச் சூழ்ந்துள்ள பூவிருந்தவல்லி, வில்லிவாக்கம் ஒன்றியக் கிராமங்களில் இன்றும் பயிர்த்தொழில் நடைபெறுகிறது. பிளாஸ்டிக் பை வயலுக்கு வந்து சேருமாயின் நட்டம் குடியானவருக்கே. அது மழைநீர் மண்ணுள் இறங்குவதைத் தடுக்கும். மேயும் மாட்டின் வயிற்றில் தங்கி உயிருக்கே கேடு விளைவிக்கும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. இந்நிலையில் ‘மக்கும் பை’ என்ற பெயருடன் வருபவற்றின் தன்மையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

குறை யாது?

மரவள்ளி, மக்காச்சோளம் முதலியவற்றின் மாவிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்யலாம். ஆனால் தனி மாவினால் ஆன பை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். மாவுச் சர்க்கரையைப் புளிக்க வைத்துச் செய்யும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக்கோ எளிதில் முறியும். நீராவியைத் தடுக்கும் ஆற்றலும் சாதாரணப் பாலிதீனைக் காட்டிலும் இவற்றுக்குக் குறைவு.

களிமண் செய்யும் உதவி

இக்குறையைப் போக்க விஞ்ஞானிகள் மிக நுண்ணிய துகள்களைக் கலக்கின்றனர். ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே நானோமீட்டர். மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண்ணின் தனி ஏடு ஒன்று சுமார் ஒரு நானோமீட்டர் கனமே உடையது.

இக்களிமண் நமக்குப் புதிதன்று. கரிசல் மண் மழையில் உப்புவதும் வெயிலில் வெடிப்பதும் இவ்வகைக் களிமண்ணாலேயாம். ஏடுகளுக்கிடையே நீர் புகுவதால் மண் உப்புகிறது. அவ்வாறே, பதப்படுத்திய களிமண் ஏடுகளுக்கிடையே உருகிய பிளாஸ்டிக் புகும்போது ஏடுகள் பிரிந்து எங்கும் பரவுகின்றன. நீராவி இவற்றைச் சுற்றிச் சுற்றியே வெளியேற வேண்டியிருப்பதால் அதன் வேகம் குறைகிறது. பிளாஸ்டிக்கின் உறுதியும் கூடுகிறது. ஜப்பானில் டொயோட்டா ஆராய்ச்சிக் கூடத்தார் 1980-களில் நைலானில் இம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டனர்.

பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு களிமண் போதுமானது. மிகுந்தால், கிண்டும் களி கட்டி தட்டுவதுபோல் துகள்கள் திரண்டு, அவ்விடத்தில் பிளாஸ்டிக் பலவீனமாகும். வைக்கோல், வாழைநார் ஆகியவற்றிலிருந்து பிரிக்கும் நுண் நார்களையும் இவ்வாறு கலக்கலாம்.

எச்சரிக்கை

பை மக்கியபின் அதில் கலந்த துகள் மண்ணிலேயே தங்கும். களிமண்ணும் நாரும் மண்ணுக்கு உறவு. கிருமியைத் தடுக்கச் சேர்க்கும் வெள்ளித் துகளோ மண்ணின் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் கெடுக்கக் கூடும். ஆகவே, ‘நானோ’ என்ற சொல்லைக் கண்டு மயங்காமல், கலந்திருக்கும் பொருள் யாது என வினவுதல் வேண்டும்.

மேலும், மக்கும் பை என்பதால் எறிந்த இடத்திலேயே மக்கிவிடும் என்று கொள்ளலாகாது. ஐ.எஸ்.ஓ. 17088 தரத்தின்படி, சுமார் 58 டிகிரி வெப்பமுள்ள எருக் குவியலில் 180 நாள்களுக்குள் அதன் கரிமத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கரியமில வாயுவாக மாற வேண்டும். ஏரியிலோ வாய்க்காலிலோ இவ்வெப்பம் ஏது?

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. மக்கும் பைகளில் 17088 என்ற தர எண் உள்ளதா எனப் பார்த்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழை விற்போரிடம் கேட்க வேண்டும்.

2. இப்பைகளைச் சாதாரணப் பிளாஸ்டிக்குடன் சேர்க்கலாகாது. மறுசுழற்சிக்குச் செல்லும் சரக்கு கெடும்.

3. மண்புழு உரத் தொட்டியில் இடலாகாது. இவை மக்கத் தேவையான வெப்பத்தை மண்புழு தாங்காது. சூடு தங்கும் அளவுக்குப் பெரிய குவியல் அமைத்து, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும்.

4. நிலப்போர்வை வாங்கும் விவசாயிகள், அது வயல் மண்ணிலேயே மக்குமென்று தனியே சோதிக்கப்பட்டதா எனக் கேட்டறிய வேண்டும்.

எவ்வளவு உயர்ந்த பையாயினும், துணிப் பைக்கு அடுத்த இடமே அதற்குரியது. துணிப் பையால் ஆகாத இடத்தில் மட்டும் மக்கும் பையைக் கொள்வோம். அதையும் எருக் குவியல் வரை கொண்டு சேர்ப்போம். விஞ்ஞானம் பைக்கு உறுதி தரும்; நம் ஏரியையும் வயலையும் காப்பது நம் கையில்தான் உள்ளது.