எண்ணெய் பற்றிக்கொண்டால்

எண்ணெய் காய்கிறது. புகை வருகிறதா? அதுதான் எச்சரிக்கை. அடுப்பை அணையுங்கள். மேலும் சூடு ஏறினால் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும்.

எப்போது சீக்கிரம் பற்றும்?

எண்ணெய் கொஞ்சமாக இருந்தால் விரைவில் காயும்.
அடுப்பு பெரிதாக எரிந்தால் சூடு வேகமாக ஏறும்.
பலமுறை பொரித்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகையும், பற்றும்.

தண்ணீர் ஊற்றாதீர்கள்!

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எரியும் எண்ணெயின் சூடு 300 டிகிரிக்கும் மேல். ஊற்றிய தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகும். எரியும் எண்ணெயை மேலே வீசி எறியும்.

என்ன செய்வது?

வாணலியைத் தூக்காதீர்கள். அடுப்பை அணையுங்கள். விறகடுப்பு என்றால் விறகை வெளியே இழுங்கள். இரும்புத் தட்டால் வாணலியை மூடுங்கள். காற்று இல்லாமல் தீ அணையும். ஆறும்வரை திறக்காதீர்கள். தீ பரவினால் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

உங்கள் வாணலிக்கு ஏற்ற தட்டு அடுப்பருகே இருக்கிறதா?