பால்பகா அஃறிணைப் பெயரும் ஆங்கிலத்தின் வடிவம் மாறாப் பன்மையும்

‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்னும் தொடர்களில் பெயர் வேறுபடவில்லை. எண்ணை வினைமுற்றே உணர்த்துகிறது. இத்தகையவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பது நன்னூல் வழக்கு. ஆங்கிலத்தில் செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’, மானைக் குறிக்கும் ‘டீர்’ ஆகியனவும் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம் கொள்வதால், அவற்றையும் இவ்வகையுள் அடக்கத் தோன்றும். அது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இறந்தகாலத் தமிழ் வினைமுற்று ஒன்றன்பாலையும் பலவின்பாலையும் பிரித்துக் காட்டும். (‘வரும்’ என்னும் முற்றில் அப்பாகுபாடு இல்லை என்பது வேறு.) ஆங்கில இறந்தகால வினையோ பெரும்பாலும் எண் காட்டுவதில்லை. ‘தி ஷீப் கேம்’ எனின் வந்தது ஓர் ஆடா, பல ஆடுகளா என்பது தொடருக்குள் தெளிவதில்லை. ‘எ’, ‘தீஸ்’ போன்ற முன்வரும் சொற்களே துணைசெய்ய வேண்டும். மேலும், தொல்காப்பியம் இவ்வகைப் பெயர்கள் ‘கள்’ ஏற்றுப் பன்மை உணர்த்துவதற்கும் இடம் தருகிறது. ‘ஷீப்’ என்பதோ ‘ஸ்’ விகுதியை ஏற்பதில்லை.

இதன் காரணம் வரலாற்றில் உள்ளது. பழைய ஆங்கிலப் பெயர்கள் ஆண், பெண், இரண்டும் அல்லாதது என முப்பாலாகப் பகுக்கப்பட்டன. மூன்றாம் பாலில் நெட்டசை கொண்ட ஒருவகைப் பெயர்கள் எழுவாயிலும் செயப்படுபொருளிலும் பன்மை விகுதி பெறவில்லை. குதிரை, வீடு, சொல் ஆகிய பொருள்தரும் ‘ஹார்ஸ்’, ‘ஹவுஸ்’, ‘வேர்ட்’ என்பனவும் அவ்வகையினவே. பின்னர் இவை ‘ஸ்’ விகுதியை ஏற்றன; ‘ஷீப்’, ‘டீர்’, ‘ஸ்வைன்’ ஏற்கவில்லை. எனவே இன்று விதிவிலக்கு எனக் கற்பிக்கப்படுவது உண்மையில் பழைய விதியின் எச்சம்.

ஆயினும் எச்சம் என்பதோடு விளக்கம் முற்றுப்பெறாது. மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ பழைய ஆங்கிலத்தில் ஆண்பாற் பெயர். ‘ஃபிஸ்காஸ்’ என வெளிப்படையான பன்மை விகுதி பெற்றிருந்தது. அது பிற்காலத்தில்தான் விகுதியின்றியும் பன்மை உணர்த்தலாயிற்று. பிரெஞ்சிலிருந்து வந்த ‘சால்மன்’ என்னும் மீன்பெயரும் அவ்வாறே நிற்கிறது. வேட்டையாடியும் பிடித்தும் மந்தையாக மேய்த்தும் தொகையாக நோக்கப்பட்ட உயிரினங்களின் பெயர்களையே இப்போக்கு பெரும்பாலும் ஈர்த்துள்ளது எனக் கருத இடமுண்டு. நாயைக் குறிக்கும் ‘டாக்’ இதில் சேரவில்லை. ‘ஃபிஷஸ்’ என்னும் வடிவம் இன்று பெரும்பாலும் மீனினங்கள் பலவற்றைச் சுட்டவே வருகிறது. தமிழிலோ நாய், மரம், கல் ஆகிய யாவும் பால்பகாமல் நிற்கும். அங்கே வேட்டையும் மந்தையும் பொருட்டல்ல.