ஆட்டம் முடிந்ததும் சாப்பிடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெங்களூர் பூல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். கூடவே, உனக்கு என்னென்ன கட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியலும் வாசித்தாள். புளியோதரை, அதிரசம், குழிப்பணியாரம், நெய்யில் வறுத்த முந்திரி. பையன் ஆடப் போகிறானா, சீர் கொண்டு போகிறானா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். அதனால் சொல்ல வேண்டியதை உனக்கே எழுதுகிறேன்.

உன் பிரேக்கையும் பேங்க் ஷாட்டையும் திருத்த உன் கோச் இருக்கிறார். அதில் நான் தலையிடப் போவதில்லை. போட்டிகளில் நான் உட்காருவது அட்டவணையும் கடிகாரமும் இருக்கிற மேசையில். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும். களைப்பு கையில் தெரிவதற்கு வெகு நேரம் முன்பே பழக்கங்களில் தெரிந்துவிடும். காலையில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் டிப்பில் சாக் போட்டவன், மாலையில் மூன்று ஷாட்டுக்கு ஒருமுறைதான் போடுவான். காலையில் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கம் போய் நின்று, வெள்ளைப் பந்து எங்கே வந்து நிற்கும் என்று பார்த்தவன், மாலையில் நின்ற இடத்திலேயே குனிந்துவிடுவான். எதிராளிக்கு ஷாட் கிடைக்காதபடி சேஃப்டி ஆட வேண்டிய இடத்தில், விழுந்தால் விழட்டும் என்று அடித்துப் பார்ப்பான். ஒன்பது பந்து ஆட்டத்தில் எட்டுப் பந்தையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு ஒன்பதை விடுகிறவர்களைக் கவனித்துப் பார். நிறையப் பேருக்கு, எழுந்து நின்று ஒரு மூச்சு விட்டு மறுபடி குனிய அலுப்பாக இருந்திருக்கும். அவ்வளவுதான்.

ஓடவில்லை, குதிக்கவில்லை, ஏசி ஹாலில் நின்று விளையாடுகிற ஆட்டத்துக்குச் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று நீ கேட்கலாம். உடம்பு செலவழிப்பது கொஞ்சம்தான். அதனால்தான் கால்பந்து ஆடுகிறவனைப் போல வளைத்துக்கட்டிச் சாப்பிட வேண்டாம் என்கிறேன். ஆனால் மனிதனின் மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். சும்மா இருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேர்த்து வைக்க அதனிடம் பெரிய கிடங்கு எதுவும் இல்லை. ரத்தத்தில் வருவதைத்தான் அது நம்பியிருக்கிறது. உன் ஆட்டம் முழுக்க அங்கேதான் நடக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பூல் போட்டிகள் பல டபுள் எலிமினேஷன் முறையில் நடக்கின்றன. ஒரு தடவை தோற்றால் வெளியே போவதில்லை, லூசர்ஸ் சைடுக்குப் போகிறாய். 64 பேர் ஆடுகிற போட்டி கடைசிவரை இதே முறையில் நடந்தால், தோற்காமல் வருகிறவன் 6 ஆட்டம் ஜெயித்தால் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடுவான். முதல் ஆட்டத்திலேயே தோற்றவன் அதே இடத்துக்கு வர 10 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தவனுக்கு அடுத்த ஆட்டம் நான்கு மணி நேரம் கழித்து இருக்கலாம். தோற்றவனை அரை மணியில் கூப்பிட்டுவிடலாம். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சேஃப்டிக்கு மேல் சேஃப்டியாக இழுத்துக்கொண்டிருந்தால் எல்லா நேரமும் மாறிப்போகும். ஆகவே ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு, எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு என்ற வீட்டுக் கணக்கு அங்கே செல்லாது. பசிக்கும்போது சாப்பிடலாம் என்பதும் செல்லாது. பதற்றத்தில் பசியே தெரியாது.

அங்கே செல்லுபடியாகிற கணக்கு ஒன்றுதான். ஆட்டம் முடிந்து ஸ்கோர் ஷீட்டைக் கொடுத்ததும் சாப்பிடு. ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, கால் மணி நேரத்துக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். அடுத்த ஆட்டம் எப்போது என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதே. அப்படி ஒத்திப்போட்டவன் கடைசியில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்த நேரம் பார்த்து மைக்கில் அவன் பெயர் வரும். உலகப் பூல் அமைப்பின் விதிப்படி, குறித்த நேரத்துக்கு வராதவனுக்கு 15 நிமிடம் அவகாசம். அதற்குள் மேசைக்கு வராவிட்டால் ஆட்டம் போச்சு. பாதிப் பொட்டலத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் முதல் மூன்று ரேக்குக்கு ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பான்.

வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்பதற்குக் காரணம் நீ நிற்கும் நிலையிலேயே இருக்கிறது. தாடை கியூவைத் தொடுகிற அளவுக்கு இடுப்பை மடித்துக் குனிகிறாய். ஒரு நாளில் இதை நூற்றுக்கணக்கான முறை செய்கிறாய். வயிறு நிரம்பியிருந்தால் ஒவ்வொரு முறையும் அது நெருக்கப்படும். காரமும் எண்ணெயுமாக இருந்தால் புளித்து மேலே வரும். அப்போது உனக்கே தெரியாமல் கொஞ்சம் நிமிர்ந்து நின்று ஆடத் தொடங்குவாய். பார்வைக் கோணம் மாறும். நன்றாக வந்துகொண்டிருந்த நீள ஷாட் ஏன் திடீரென்று தடிமனாகப் படுகிறது என்று டிப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாய்.

என்ன சாப்பிடுவது என்பதில் எனக்குப் பெரிய தத்துவம் இல்லை. வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தடவை. நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு. பெங்களூரில் தெருவுக்கு ஒரு தர்ஷினி இருக்கிறது, நின்றபடியே பத்து நிமிடத்தில் இட்லி சாப்பிட்டு வரலாம். வடையை மட்டும் விட்டுவிடு. பையில் வாழைப்பழம், அவித்த சுண்டல், உள்ளே வேர்க்கடலைச் சட்னி தடவிச் சுருட்டிய சப்பாத்தி, கொஞ்சம் பேரீச்சம்பழம் இருக்கட்டும். அவித்த முட்டையும் நல்லதுதான், ஆனால் மூடிய ஏசி ஹாலில் டப்பாவைத் திறக்காதே, பக்கத்தில் இருக்கிறவன் உன்னைச் சபிப்பான். கடலைமிட்டாயைவிட இந்த வேலைக்குப் பொருத்தமான பண்டத்தை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயையே எடுத்துக்கொள். வெல்லம் உடனே சக்தி தரும். கடலையில் இருக்கிற புரதமும் கொழுப்பும் அது ஒரேயடியாக ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு துண்டு போதும், பாக்கெட்டைக் காலி செய்யாதே.

பரோட்டா சால்னா வேண்டாம் என்று சொல்வதற்கு வயிறு மட்டும் காரணமில்லை. எண்ணெய் விரலிடுக்கில் தங்கும். பிரிட்ஜ் போடுகிற கையில் கியூ வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் பிசுக்கென்று பிடிக்கும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் அது போகாது. பையில் சின்ன சோப்பும் துண்டும் வைத்துக்கொள். சாப்பிடுவதற்கு முன்னும் கழுவு. நாம் சாக் என்று சொல்கிற அந்த நீலக் கட்டி சிலிக்காவும் குருந்தக்கல் தூளும் போன்ற சொரசொரப்பான சாமான்களால் ஆனது. விரல் நுனியெல்லாம் நீலமாக வைத்துக்கொண்டு சுண்டலை அள்ளித் தின்னாதே. ஸ்பூன் எடுத்துப் போ.

நீண்ட ஆட்டம் என்றால் எவ்வளவு நீளும் என்று உனக்கு ஒரு கணக்கு வேண்டும். 1996இல் ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸும் அமெரிக்காவின் எர்ல் ஸ்ட்ரிக்லாண்டும் 120 ரேக் யார் முதலில் எடுப்பது என்று மூன்று நாள் ஆடினார்கள். பரிசு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. ரேயஸ் 120-117 என்று ஜெயித்தார். 237 ரேக் ஆடி முடிவு மூன்று ரேக்கில் நின்றது. 2017இல் சிங்கப்பூரில் நடந்த பெண்கள் உலக ஸ்னூக்கர் இறுதி ஆட்டத்தில் நம் வித்யா பிள்ளை ஹாங்காங்கின் இங் ஆன்-யீயிடம் 5-6 என்று தோற்றார். அந்த 11 ஃபிரேம் முடிய எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஏழு தடவை உலக ஸ்னூக்கர் சாம்பியனான ரானி ஓ'சல்லிவன் ஓட்டப்பயிற்சிக்காரர் என்பது உனக்குத் தெரியும். ஓர் ஊட்டச்சத்து நிபுணரோடு சேர்ந்து 2019இல் சாப்பாட்டைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார். மேதை என்று உலகம் சொல்கிற ஆளே இதற்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

நேரம் கிடைத்தால் 1961இல் வந்த 'தி ஹஸ்லர்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார். பால் நியூமன் நடித்த எடி என்ற இளைஞன், மின்னசோட்டா ஃபேட்ஸ் என்ற பெருத்த உடம்புக்காரரோடு ஒரு நாளுக்கும் மேலாக இடைவிடாமல் ஆடுவான். இடையில் எடி வெகுவாக முன்னால் போவான். இருவரும் குடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு கட்டத்தில் ஃபேட்ஸ் போய் முகம் கழுவி, தலை வாரி, கையில் பவுடர் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு அப்போதுதான் வந்தவர் மாதிரி நிற்பார். எடி சட்டை கசங்கி, போதையில் சிரித்துக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகு ஆட்டம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம். நீண்ட ஆட்டங்களில் ஆளுக்கு ஒருமுறை 5 நிமிட இடைவேளை கேட்கலாம் என்பது வழக்கமான விதி. பெரும்பாலான பையன்கள் அதில் போன் பார்க்கிறார்கள். நீ முகம் கழுவி, பாதி வாழைப்பழம் தின்றுவிட்டு வா.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசியில் தாகம் தெரியாது, உதடு காய்ந்த பிறகுதான் உறைக்கும். எதிராளி மேசையில் இருக்கும்போது நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய் அல்லவா, அப்போதெல்லாம் இரண்டு மடக்குக் குடி. மத்தியானத்தில் உப்புப் போட்ட மோர் நல்லது.

காப்பி வேண்டாம் என்று நான் சொன்னால் நீயே சிரிப்பாய். குடி, ஆனால் காலையில் ஒன்று, மூன்று மணி சுமாருக்கு ஒன்று. இரண்டிலிருந்து நான்கு மணிவரை, மதியம் சாப்பிடாவிட்டால்கூட, உடம்பு இயற்கையாகவே கொஞ்சம் மந்தமாகும். அந்த இடத்தில் அரை டம்ளர் உதவும். அரைமணி, முக்கால் மணியில் வேலை செய்யத் தொடங்கும். ஆனால் அதில் இருக்கிற கஃபீனில் பாதி கரைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு எட்டு மணிக்குக் குடித்தால் ஒரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும், மறுநாள் ஆட்டம் அங்கேயே கெட்டுவிடும். சிலருக்கு விரலும் நடுங்கும். உனக்கு எப்படி என்று வீட்டில் பயிற்சி நாளில் பார்த்துக்கொள். எனர்ஜி டிரிங்க் டின்கள் ஹால் வாசலில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு 250 மி.லி. டின்னில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். குடித்ததும் ஒரு வேகம் வரும், பூல் வேகமாக ஆட வேண்டிய ஆட்டமா என்ன?

பதற்றம் போக ஒரு மாத்திரை இருக்கிறது என்று யாராவது காதில் ஓதுவார்கள். புரொப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் அவை. இதயத் துடிப்பைக் குறைத்துக் கை நடுக்கத்தை அடக்கும். அதனாலேயே கியூ விளையாட்டுகளின் போட்டிகளில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அவற்றைத் தடை செய்திருக்கிறது. கனடாவின் பில் வெர்பெனியக் என்ற ஸ்னூக்கர் ஆட்டக்காரருக்குக் கை நடுக்கம் இருந்தது. அதை அடக்க ஆட்டத்துக்கு முன்னும் ஆட்டத்தின்போதும் பீரைப் பைண்ட் பைண்டாகக் குடித்தார். பிறகு அந்த மாத்திரைக்கு வந்தார், அது தடைக்குள் போனது. உலகத் தரவரிசையில் 8ஆம் இடம்வரை வந்த ஆள். இதைப் பகடியாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தோற்றபின் சாப்பிடுவதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. தொண்டையில் இறங்காது. ஒரு ஓரமாக உட்கார்ந்து, விட்ட ஒன்பதாம் பந்தையே நினைத்துக்கொண்டிருக்கத் தோன்றும். ஆனால் லூசர்ஸ் சைடில் அரை மணியில் மறுபடி உன்னைக் கூப்பிட்டுவிடலாம். மென்று தின்ன முடியாவிட்டால் மோர் குடி, பழத்தைக் கடி, ஹாலுக்கு வெளியே வெயிலில் ஐந்து நிமிடம் நட. துக்கத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரவு ஆட்டம் பதினொன்றரைக்கு முடிந்தால் ஓட்டல் எல்லாம் மூடியிருக்கும், திறந்திருப்பது பெரும்பாலும் ஃபிரைடு ரைஸ் வண்டிதான். அதனால் மாலையிலேயே ஒரு தயிர்சாதம் வாங்கி அறையில் வைத்துவிடு. அறையில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் கெட்டி அவலும் சூடான பாலும் போதும். சாப்பிட்டதும் படுக்காதே, கியூவைத் துடைத்து வை, துணி எடுத்து வை, பிறகு படு. காலை ஆட்டம் பத்து மணிக்கு என்றால் எட்டுக்குள் சாப்பிட்டு முடித்துவிடு. அட்டவணை வந்ததும் எனக்கு அனுப்பு. முதல் நாளில் இடைவெளி எங்கெங்கே விழுகிறது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா