வாழ்வை அளத்தல்

நாஞ்சில் நாட்டார் நெல்லை மரக்காலாலும் கோட்டையாலும் அளந்தனர். நிலத்தையும், அதில் விதைக்கும் நெல்லைக் கொண்டு, இத்தனை கோட்டை விதைப்பாடு என்றே கூறினர். நெல்லுக்கும் நிலத்துக்கும் இங்ஙனம் அளவை உண்டு. அந்நிலத்தில் உழைத்து உண்ணும் மனிதரின் வாழ்வு நலமுடையதா என்பதை எதனால் அளப்பது?

நாட்டு மக்களின் வாழ்வை அறிஞர் நெடுங்காலம் வருவாய் ஒன்றைக் கொண்டே மதிப்பிட்டனர். அது போதாதெனக் கண்ட பொருளியல் அறிஞர் மகபூப் உல் ஹக், அமர்த்தியா சென் முதலியோர் துணையுடன், ஆயுளையும் கல்வியையும் வருவாயோடு சேர்த்து மனித மேம்பாட்டுக் குறியீட்டை வகுத்தார். 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் அதனை வெளியிட்டது. இத்தகைய அளவைகளால் நோக்கின், கன்னியாகுமரி மாவட்டம் தலைநிமிர்ந்து நிற்கும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91.75 பேர், தமிழ்நாட்டு மாவட்டங்களுள் அதுவே முதலிடம்.

பெருமைக்குரிய எண்தான். ஆயினும் அது மாவட்டத்தைப் பற்றியது. தனி ஒருவரைப் பற்றியதன்று. குலசேகரத்தில் விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியும், தூத்தூரிலிருந்து ஆழ்கடல் சென்று பல நாள் தங்கும் மீனவரும், மக்கள் வெளிநாடு சென்றபின் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவரும் அவ்வெண்ணுள் வேறுபாடின்றிக் கலந்துவிடுகின்றனர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கடலுக்குச் சென்றோர் பலர் மீளவில்லை. அவர்தம் இல்லங்களில் எழுத்தறிவு புயலுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. வாழ்வு ஒன்றாகுமோ?

எனவே, வாழ்பவரையே வினவுதல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் இதற்கென ஒரு வினாநிரலை உருவாக்கியது. அதனை ஆக்கிய பதினைந்து மையங்களுள் சென்னையும் புதுதில்லியும் இருந்தன. ஓரிடத்தில் எழுதிப் பிற மொழிகளில் பெயர்த்த நூலன்று அது. பல நாட்டு மக்களின் கருத்துகளைக் கேட்டே வினாக்கள் அமைக்கப்பட்டன. முதலில் நூறு வினாக்கள். பின்னர் அவை இருபத்தாறாகச் சுருங்கின.

உடல், உள்ளம், சுற்றத்தார் உறவு, சூழல் என்னும் நான்கு கூறுகளை அவை தொடுகின்றன. உறக்கம், நோவு, நண்பரின் துணை, பணம், குடியிருக்கும் இடம் யாவும் அவற்றுள் அடங்கும். கடந்த இரு வாரங்களை எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து படிகளுள் ஒன்றைத் தெரிந்து விடை கூறுதல் வேண்டும். நோவு, மருந்தைச் சார்ந்திருத்தல், மனத்துயர் ஆகியவை பற்றிய வினாக்களில் உயர்ந்த எண் தாழ்வையே காட்டும். ஆதலின் அவற்றைக் கணக்கிடுங்கால் எண்களைத் தலைகீழாக மாற்றிக்கொள்வர்.

நான்கு கூறுகளையும் கூட்டி ஓரெண்ணாக்குவதில்லை. இவ்வேற்பாடு மிகப் பொருத்தமானது. கடலில் கணவனை இழந்த ஒருத்திக்கு உடலின் மதிப்பு உயர்ந்தும் உள்ளத்தின் மதிப்பு தாழ்ந்தும் இருக்கலாம். கூட்டினால் அவள் துயர் கணக்கில் மறைந்துவிடும்.

படிக்க இயலாதார்க்கு வினாவைப் பிறர் படித்துக் காட்டலாம். அப்போது விளக்கமென்ற பெயரால் தம் கருத்தைப் புகுத்துதல் ஆகாது. பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ, “அவர்க்கு என்ன குறை?” என முந்திக்கொண்டால், அதனை ஏட்டில் குறித்தலும் ஆகாது. முதியவர் வாய் திறக்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.