நூல் இயக்கும் உயிர்கள்

ஜெர்மன் நாட்டில் கிரிம் சகோதரர் என்னும் அறிஞர் இருவர், மக்களிடையே வழங்கிய கதைகளைத் தொகுத்து நூலாக்கினர். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில், கழுதை, நாய், பூனை, சேவல் ஆகிய நான்கும் சேர்ந்து வாழ்ந்த கதை ஒன்று இடம்பெற்றது. கழுதையும் நாயும் பூனையும் முதுமையுற்று உழைக்கும் வலி குன்றியவை. உணவிட மனமில்லாத உரிமையாளர் அவற்றை ஒழித்துவிடக் கருதினர். சேவலோ மறுநாள் வரும் விருந்தினர்க்குக் குழம்பாக இருந்தது. நான்கும் பிரேமன் என்னும் நகருக்குச் சென்று பாடிப் பிழைக்கலாம் எனப் புறப்பட்டன. வழியில், காட்டிடையே கள்வர் வாழ்ந்த வீடு ஒன்றைக் கண்டன. கழுதையின்மேல் நாயும், நாயின்மேல் பூனையும், பூனையின்மேல் சேவலும் ஏறி நின்று ஒருங்கே குரலெழுப்பின. கள்வர் அஞ்சி ஓடினர்.

அன்றிரவு அவை துயின்ற முறையே கதையின் அழகிய பகுதியாகும். கழுதை முற்றத்துக் குப்பைமேட்டிலும், நாய் கதவின் பின்புறத்திலும், பூனை அடுப்பின் இளஞ்சூட்டிலும், சேவல் உத்தரத்தின்மேலும் தங்கின. ஒன்றன் இடத்தை மற்றொன்று விரும்பவில்லை. வீடு பிடித்துப்போகவே அங்கேயே தங்கிவிட்டன. பிரேமன் நகரை அவை அடையவே இல்லை. எனினும் அந்நகரத்தார் 1953-ஆம் ஆண்டில் அவற்றுக்கு வெண்கலச் சிலை எடுத்தனர்!

இக்கதையை ஜெர்மானியர் சிறுவர்க்காகப் பாவைகளைக் கொண்டு மேடையிலும் திரையிலும் நடித்துக் காட்டியுள்ளனர். இத்தகைய கதைக்குப் பாவையினும் ஏற்ற நடிகர் இல்லை. உயிருள்ள நாயையும் பூனையையும் ஒரு வீட்டில் வைத்து நடிக்கச் செய்தல் அரிது. மனிதன் விலங்கின் வேடம் புனைந்தாலோ மனிதனாகவே தோன்றுவான். பாவைக்கோ இயக்குவோன் கொடுக்கும் இயல்பையன்றி வேறோர் இயல்பு இல்லை. திரைப்படத்தில் பாவையை நூலால் ஆட்டிப் படம் எடுத்தலும் உண்டு. நூலின்றிப் பாவையைச் சிறிது அசைத்து ஒரு படம், மீண்டும் சிறிது அசைத்து ஒரு படம் என எடுத்துத் தொடுத்தலும் உண்டு. ஒரு நொடிக்கு 24 படங்கள் என்னும் கணக்கில், ஒரு நிமிடக் காட்சிக்கு 1440 படங்கள் வேண்டும். பூனை ஒருமுறை வாலைச் சுழற்றுவதற்குள் கலைஞர் பொழுதெல்லாம் கழிந்துவிடும்.

நூலால் பாவையை ஆட்டுங் கலை தமிழர்க்குப் புதிதன்று. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், நாணமற்றவரின் நடமாட்டத்துக்குக் கயிற்றால் இயங்கும் மரப்பாவையை வள்ளுவர் உவமை கூறினார். கேட்போர் அறிந்த பொருளையே உவமையாக்குவது புலவர் மரபு; ஆதலின் மரப்பாவைக் கூத்து அந்நாளில் ஊரறிந்த காட்சியாய் இருந்தது எனக் கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பாவைகளுள் நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உடையனவும் உள்ளன. ஆட்டுவோன் துணி சுற்றிய இரும்பு வளையத்தை முடிபோல் தலையில் அணிவான். பாவையின் கயிறுகள் அவ்வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். பாவையின் கைகளைக் கோல்களால் இயக்குவான். அவன் தலை அசைந்தால் பாவை அசையும். திரைக்குமேல் அவன் முகம் மட்டும் தோன்றாது.

இங்ஙனம் மறைந்திருந்து நூலை இழுத்து உருவங்களை எழுப்புந் தொழில் காஞ்சி மாநகரில் வேறொரு வகையில் வளர்ந்தது. அதுவே பட்டு நெசவு. காஞ்சிப் பட்டுச் சேலையின் கரையில் மயிலும் அன்னமும் கிளியும் யானையும் யாளியும் இருதலைப் பறவையும் அடுத்தடுத்து உறைகின்றன. யானையும் யாளியும் காட்டில் பகை என்பது கவிமரபு. கரையில் அவற்றுக்கிடையே நாலிழைச் சரிகைதான் வேலி.

அவ்வுருவங்கள் எழும் முறை அறியத்தக்கது. பாவு நூல்களுள் வேண்டியவற்றை மட்டும் தூக்கி, இடையே சரிகையைச் செலுத்தினால் உருவத்தின் ஒரு வரி அமையும். பழைய தறியில், எவ்வெவ் வரிக்கு எவ்வெவ் இழை எழ வேண்டும் என்பதனைக் கயிறுகளில் முன்னரே கட்டி வைப்பர். இவ்வமைப்புக்கு அடை என்று பெயர். துணையாள் ஒருவர் தறியருகே இருந்து முறை பிறழாமல் கயிறுகளை இழுப்பார். நெசவாளர் நாடாவை வீசுவார். ஒரு கயிறு மாறினால் மயிலின் கழுத்து முறியும். அன்றியும், உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். அப்புறத்துக் கரையின் நாடாவை வீசவும் துணையாள் வேண்டும்.

அத்துணையாட்களுள் பலர் சிறுவர் என்பதனை மறைத்தல் தகாது. பாவைக்கூத்தைக் கண்டு கைகொட்டி மகிழ வேண்டிய வயதில், அவர்கள் திரைக்குப் பின்னிருந்து கயிறு இழுப்பவராயினர். வறுமையால் பெற்றோர் தறிக்காரரிடம் முன்பணம் பெற்றுப் பிள்ளையை அனுப்பியதும் உண்டு. கடன் தீருமளவும் பிள்ளை தறியை விட்டு அகலவியலாது. 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலைத் தடுக்கவும் முறைப்படுத்தவும் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. ஆயின் குடும்பத்தார் தாமே நடத்தும் பட்டறைக்கு அச்சட்டம் விலக்களித்தது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் இவ்விலக்கு எத்துணைப் பெரிய வாயில் என்பது சொல்லாமலே விளங்கும். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகட்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துதலைப் பொதுவாகத் தடுத்தது. எனினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் துணைபுரியலாம் என அதுவும் இடமளித்தது.

கயிறு இழுக்கும் வேலையைக் குறைத்ததில் இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் இழைகளைத் தூக்கும் கருவியை அமைத்தார். துளை உள்ள இடத்தில் இழை எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. கயிற்று முடிச்சுகள் காத்த கணக்கை அட்டைகள் காத்தன. அக்கருவி காஞ்சித் தறிகளின்மேலும் ஏறியது. ஆயினும் கோர்வைக்கு இன்னமும் இரண்டாம் ஆள் தேவை. அவ்விடத்தில் பெரும்பாலும் நெசவாளரின் மனைவியோ மற்றொரு பெரியவரோ அமர்வர்.

பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில், நெசவாளர் குழியில் காலை இறக்கி மிதியை அழுத்துகிறார். தலைக்கு மேல் அட்டை ஒன்று புரள்கிறது. எதிர்க்கரையின் நாடாவைத் துணைவி வீசுகிறாள். அன்னத்தின் அலகு ஓர் இழையளவு நீள்கிறது.