மாமாவின் முதுகும் பி27 என்ற புரதமும்

முதுகுவலி தாத்தா பாட்டிக்குத்தான் வரும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்க சின்ன மாமாவுக்கு 23 வயசில் வந்தது. காலையில் முதுகு மரக்கட்டை மாதிரி விறைத்துவிடும். குனியவே முடியாது. நடக்க நடக்கச் சரியாகிவிடும். அதனால் "வேலைக்குப் போகச் சோம்பல், நடிக்கிறான்" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்று வருஷம் கழித்துத்தான் நோயின் பெயர் தெரிந்தது: ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். அதாவது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி. கவனிக்காமல் விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனைத் தாளில் 'எச்.எல்.ஏ. பி27 - பாசிட்டிவ்' என்று இருந்தது.

அது என்ன?

நெல் வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார் இல்லையா? நம் செல்களும் அப்படித்தான். உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லா செல்களின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. புரதங்கள் இருக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை (சுமார் 9 அமினோ அமிலங்கள்) இவை வெளியே நீட்டிக் காட்டும். காவல்காரரான டி-செல் வந்து பார்க்கும். நம்முடைய துண்டு என்றால் விட்டுவிடும். வைரஸின் துண்டு என்றால் அந்தச் செல்லையே அழித்துவிடும்.

இந்த 'உள்ளங்கை' ஆளுக்கு ஆள் மாறும். அதில் ஒரு வகைதான் பி27. இதற்கான ஜீன் 6-ஆவது குரோமோசோமில் உள்ளது.

நோயோடு என்ன தொடர்பு?

1973-இல் லண்டனில் இந்நோய் உள்ள 75 பேரைச் சோதித்தார்கள். 72 பேருக்கு பி27 இருந்தது! நோயில்லாத 75 பேரில் 3 பேருக்குத்தான் இருந்தது. காரணமாக மூன்று விளக்கங்கள் சொல்கிறார்கள்:

1. கிருமியின் துண்டும் நம் துண்டும் ஒரே மாதிரி இருப்பதால் டி-செல் ஏமாந்துபோகிறது.
2. பி27 சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கித் தொல்லை தருகிறது.
3. இரண்டு பி27 சங்கிலிகள் ஜோடியாக ஒட்டி மேற்பரப்புக்கு வந்து, மற்ற எதிர்ப்பு செல்களை உசுப்பிவிடுகின்றன.

பாசிட்டிவ் என்றால் நோயா?

இல்லை! மனித பி27 ஜீனைப் புகுத்திய எலிகளுக்கு மூட்டழற்சி வந்தது. அதே எலிகளைக் கிருமியே இல்லாத இடத்தில் வளர்த்தபோது வரவில்லை. ஆக, புரதம் மட்டும் போதாது. பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. எங்க அம்மாவுக்கும் பி27 உண்டு. ஒரு வலியும் கிடையாது. எனக்கும் அது இருக்கலாம். அதற்காக நான் பயப்படவில்லை, கவனமாக இருக்கிறேன்.

கவனிங்க!

இளவயதில் முதுகுவலி மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதா? ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிறதா? காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு இருக்கிறதா? உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை, ஊசி மருந்து, தினசரி உடற்பயிற்சி எல்லாம் உண்டு. மாமா இப்போது தினமும் கிணற்றில் நீச்சலடிக்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது காலையில் எழ முடியாமல் தவித்தால், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

- பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு