வில்லும் துப்பாக்கியும்

பைக்காராவை யடுத்த புல்வெளிகளில் வாழும் தோடர் தொன்றுதொட்டு வேட்டையாடாதவர். எருமை மேய்த்தே பிழைத்தவர். எனினும் வில் அவரிடம் உண்டு. கருவுற்ற மனைவிக்குக் கணவன் வில்லும் அம்பும் அளித்து, பிறக்கும் மகவுக்குத் தந்தை தானே யென்று ஊரறியச் செய்வது அவர்தம் சடங்கு. ஆயுதம் ஈண்டு உறவின் அடையாளமாகும்.

பின்னர்க் குடியேறிய ஐரோப்பியர் துப்பாக்கியால் வேட்டையாடினர். விலங்குகள் அருகவே, 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ, இந்தியரிடம் உரிமச் சீட்டுக் கேட்டு, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அண்டை நாட்டுக் குடகர் பெற்ற விலக்கு, 2019-இல் மேலும் பத்தாண்டு நீட்டிக்கப்பட்டது.

இன்று நம்மை ஆள்வது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்தல் பொதுவாகக் கூடாது. அமெரிக்கரோ 1791 முதல் ஆயுதம் தாங்குதலை அரசியலமைப்பு உரிமையாகக் கொண்டுள்ளனர். ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுடப்பட்டு மாண்டபின், அரசு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது.

ஆகவே ஓர் ஆயுதச் சட்டத்தை ஆராயுங்கால், அஃது எத்தனை துப்பாக்கிகளை அனுமதிக்கின்றது என்பதோடு, யாரை நம்புகின்றது, யாரை ஐயுறுகின்றது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.